விண்ணப்பித்தால் நல்லாசிரியர்

தமிழ்நாட்டில் நல்லாசிரியர் ஆக வேண்டுமா? முதலில், ‘நான் நல்லாசிரியர்’ என்று கோப்பு போடத் தெரிய வேண்டும். பாடம் நடத்தத் தெரிந்திருந்தால் குற்றமில்லை. அது கூடுதல் தகுதி.

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் மாநில அரசு விருது கொடுக்கிறது. 10,000 ரூபாய், ஒரு வெள்ளிப் பதக்கம், ஒரு சான்றிதழ். வாங்குகிறவர்கள் 300 பேருக்கு மேல். தொகைக்காக யாரும் அலைவதில்லை. அலைவதெல்லாம் கோப்புக்காக. தான் எவ்வளவு நல்லவர் என்பதற்குத் தானே சாட்சி தேடித் தானே தாக்கல் செய்ய வேண்டும். மரம் நட்ட படம். மரம் நட்டதற்குப் பாராட்டுச் சான்று. சான்று வாங்கிய படம். அந்தப் படம் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த துணுக்கு. அந்தத் துணுக்கைச் சட்டம் போட்டு மாட்டியபோது எடுத்த படம். நட்ட மரம் உயிரோடு இருக்கிறதா என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை. கடைசி பெஞ்சுப் பையனுக்குப் பின்னக் கணக்கு சட்டென்று விளங்கியதே, அந்த நிமிடத்துக்குப் படம் கிடையாது. ஆகவே அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

தில்லி இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாத ஊர். 1958 முதல் கொடுத்துவரும் தேசிய விருதுக்கு 2018இல் புது விதி போட்டார்கள். ஆசிரியர் இணையதளத்தில் தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளலாம். சிபாரிசுக்கு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்பதைவிட இது கௌரவம்தான்.

தகுதியானவர்களும் வாங்குகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் நாலைந்து பேரைப் பார்த்து, ‘அட, இவருக்கே கிடைத்துவிட்டதா!’ என்று ஊர் வியக்கும். நல்லவருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்தால் வியக்கும்படி ஆகிவிட்டது.

ஓர் அரசுப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலை எட்டரைக்கே வந்துவிடுகிறார். மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தருகிறார். மற்றவர் வருகைப் பதிவை முடித்ததும் மனை விற்கப் போய்விடுகிறார். இன்னும் துணிச்சலான இனமும் உண்டு. தன் சம்பளத்தில் ஒரு துண்டைக் கொடுத்து வேறோர் ஆளை வகுப்பில் நிறுத்திவிட்டு, தான் வீட்டில் இருந்த ஆசிரியர்கள் பிடிபட்ட செய்தியை நாம் படித்தோமே. இப்போது சொல்லுங்கள், எட்டரைக்கு வருகிறவருக்கு ஆண்டு ஊதிய உயர்வு எவ்வளவு? 3 சதவீதம். மனை விற்கிறவருக்கு? 3 சதவீதம். சமத்துவம் பேசும் மாநிலம். ஓரிடத்திலாவது அதைக் கறாராக அமல்படுத்த வேண்டாமா?

யார் எப்படி என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. பிள்ளைகளுக்கு இரண்டாவது வாரமே தெரியும். பெற்றோருக்கு ஆடி பிறப்பதற்குள் தெரியும். சத்துணவுக்கூட ஆயாவுக்கு முதல் நாளே தெரியும். தெரியாதது பள்ளிக்கல்வித் துறைக்கு மட்டும்.

துறைக்கு என்னதான் தெரியும்? மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் தளத்தில் உள்ளதெல்லாம் தெரியும். பிள்ளையின் உயரம் தெரியும். எடை தெரியும். ரத்த வகை தெரியும். இலவசக் காலணிக்காகப் பாதத்தின் அளவு தெரியும். பையனுக்கு எத்தனை நம்பர் செருப்பு என்று சென்னையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார்கள். அவன் ஒரு பத்தியைத் திக்காமல் படிப்பானா என்று கேட்டால், அதற்கும் பதிவேற்றிய விவரம் இருக்கிறது என்பார்கள். அதைப் பதிவேற்றியவர் யார்? அதே ஆசிரியர். வகுப்பு நேரத்தில். சர்வர் கிடைத்த நிமிடத்தில். டவர் எட்டாத மலைக் கிராமத்தில் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடும் ஆசிரியரின் கற்பித்தல் திறனை எந்த மீட்டரில் அளப்பார்கள், தெரியவில்லை.

அளக்க வருகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆய்வு என்று அலுவலர் வருவார். முதலில் கேட்பது பாடக்குறிப்பேடு. எழுதியிருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா, தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கிறதா? அடுத்தது கழிப்பறை. அதற்கடுத்து மன்றச் செயல்பாடுகளின் பதிவேடு. பிறகு எல்லோரும் நிற்க ஒரு படம். படம் வாட்ஸ்அப் குழுவில் ஏறியதும் ஆய்வு முடிந்தது. வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து ஒரு பாடத்தை முழுதாகக் கேட்டுவிட்டுப் போன அலுவலரைக் கண்டவர்கள் கைதூக்கலாம். அவர் மேல் மட்டும் தப்பு சொல்லக்கூடாது. அன்று மாலைக்குள் மேலே அனுப்ப வேண்டிய படங்கள் அவருக்கும் பாக்கி இருக்கும்.

ஆசிரியரை எதற்கெல்லாம் அனுப்பலாம் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில் வரம்பு கட்டியிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். வரம்பா அது? வாசல். வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டிவிட்டு வரும் ஆசிரியரிடம், அடுத்த வாரம் கேள்வி: உன் வகுப்பில் கற்றல் அடைவு ஏன் குறைவு? விளக்கம் எழுதித் தா. மூன்று நாள் அவகாசம்.

இதெல்லாம் சில்லறை. நிஜமான துலாக்கோல் தேர்ச்சி விழுக்காடு. 2025இல் பத்தாம் வகுப்பில் 93.80, பன்னிரண்டாம் வகுப்பில் 95.03. மாநிலம் முழுக்க மேதைகள். இந்த விழுக்காடு எப்படிச் சமைக்கப்படுகிறது என்பது சமையலறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலேயே கண்ணில் விழுந்துவிடுவான், தேற மாட்டான் என்று தோன்றுகிற பையன். அவனுடைய அப்பாவைக் கூப்பிடுவார்கள். “ஐடிஐயில் சேர்த்துவிடுங்கண்ணே, கைத்தொழில் கத்துக்குவான்” என்பார்கள், அத்தனை அக்கறையாக. டிசி கையோடு கொடுத்துவிடுவார்கள். மிஞ்சுகிறவர்களில் தடுமாறுகிறவர்களுக்கு மினிமம் மெட்டீரியல். முப்பத்தைந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை கேள்வி வேண்டுமோ அத்தனை மட்டும். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை என்று அதையே மனப்பாடம். நூறு சதவீதம் வந்துவிட்டது! தலைமையாசிரியருக்குப் பொன்னாடை. வெளியே போன பையன் எந்தச் சதவீதத்திலும் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று பொன்னாடை போட்டவரும் கேட்பதில்லை, போட்டுக்கொண்டவரும் சொல்வதில்லை.

மாநில முதல் மதிப்பெண் அறிவிப்பை 2017இல் நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தமாம். நல்ல காரியம். அந்த அழுத்தத்தை அப்படியே எடுத்து மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் வைத்துவிட்டார்கள். எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்ற பட்டியல் மட்டும் நாளது வரை வெளியாகிறது.

மதிப்பெண்ணைக் காட்டினால் பணம் என்று ஆசை காட்டியவர்கள் நமக்கு முன்னாலும் இருந்தார்கள். 1862இல் இங்கிலாந்து அதைத்தான் செய்தது. ஆய்வாளர் முன்னால் பிள்ளை சரியாக ஒப்பித்தால் பள்ளிக்கு மானியம். சென்னை மாகாணத்துக்கும் அந்தச் சரக்கு கப்பலேறி வந்தது. ஒப்பிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள் ஆனோம், இன்னும் மறக்கவில்லை. நம் காலத்தில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். தேர்வு மதிப்பெண் ஏற ஏற ஊக்கத்தொகை, ஏறாவிட்டால் வேலைக்கே உலை. மதிப்பெண் ஏறியது. பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளருக்கு 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்ற பட்டம் கிடைத்தது. 2011இல் விசாரணை அறிக்கை வந்தது. 44 பள்ளிகளில் 178 பேர் சிக்கினார்கள். பிள்ளைகளின் தப்பு விடைகளை அழித்துச் சரியான விடையை நிரப்பியவர்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கூட்டாக உட்கார்ந்து அழித்தவர்களும் உண்டு. அந்நகரத்தில் கடுமையாக உழைத்தது அழிரப்பர்தான். விருதை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஊக்கத்தொகையே மோசடி என்று நான் சொல்லவில்லை. நமக்கு மேலே, ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் 2005 வாக்கில் நடந்த சோதனையில் பிள்ளைகளின் கற்றல் உண்மையாகவே ஏறியது. ஆனால் அங்கே தேர்வு வைத்ததும் திருத்தியதும் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள். பிள்ளை எங்கே தொடங்கினான், எங்கே வந்து சேர்ந்தான் என்று பார்த்தார்கள். அதற்கு உழைப்பு வேண்டும், பொறுமை வேண்டும். படம் எடுத்துப் போட்டால் தீராது.

நாம் வெகுமதி கொடுத்த விதம் வேறு. பல பத்தாண்டுகளாக ஆசிரியர் மேற்படிப்பு முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு. அஞ்சல் வழியில் ஒரு எம்.ஏ., இன்னொரு எம்.ஏ., ஒரு எம்.ஃபில். பட்டம் ஏற ஏறச் சம்பளம் ஏறியது. அந்த எம்.ஃபில்லால் ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு என்ன கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 2020இல் ஓர் அரசாணை போட்டு அதை நிறுத்தினார்கள். வகுப்பறைக்குப் பயனில்லை என்று கண்டுபிடித்தா? இல்லை, கஜானாவுக்குக் கட்டுப்படியாகவில்லை.

தேர்வு வைத்தாவது தரம் பார்ப்போம் என்றார்கள். 2012 ஜூலையில் மாநிலத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. எழுதியவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். தேறியவர்கள் 2,448. கேள்விகள் 150, நேரம் ஒன்றரை மணி. கேள்விக்கு 36 விநாடி. தோற்றது எழுதியவர்களா, நடத்தியவர்களா என்ற சந்தேகம் அவர்களுக்கே வந்திருக்கும். அக்டோபரில் மறுதேர்வு, இம்முறை மூன்று மணி நேரம். பிறகு 2013இல் எழுதித் தேறியவர்களுக்கு வேறு கூத்து. வேலை வரும் வரும் என்று காத்திருந்தவர்களிடம், 2018இல் அரசாணை 149ஐ நீட்டினார்கள். தகுதி இருக்கிறதா? மகிழ்ச்சி. வேலைக்கு இன்னொரு தேர்வு எழுது.

இப்போது சுற்று முடிந்து பணியில் இருப்பவர்களிடமே வந்துவிட்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பாக்கி உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையேல் வீட்டுக்கு என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் கொதித்தன. நீதிமன்றத்தைக் குறை சொல்லி என்ன பயன்? இருபத்தைந்து ஆண்டாக ஒருவர் வகுப்பில் நிற்கிறார். அவர் நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்று சாட்சி சொல்ல அரசிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. செருப்பு நம்பர் இருக்கிறது. அது இல்லை. ஆகவே அவரும் பேரன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் கறுக்க வேண்டும்.

வெகுமதி என்றார்களே, அதையும் பார்த்துவிடுவோம். இரண்டு இடைநிலை ஆசிரியர்கள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பாடநூல். ஒருவர் 2009 மே 31க்குள் பணியில் சேர்ந்தார். அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மற்றவர் ஜூன் 1இல் சேர்ந்தார். 5,200 ரூபாய். ஒரு ராத்திரியில் கற்பித்தல் திறன் 3,170 ரூபாய் குறைந்துவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று கேட்டு, கல்வித் துறைத் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் கிடந்து மயங்கி விழுந்தவர்கள் இவர்கள்தான்.

அவர்களாவது நிரந்தரம். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி சொல்லித்தர 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரைநாள். அந்த 5,000 தவழ்ந்து தவழ்ந்து 12,500ஐத் தொட்டபோது 2024 ஆகிவிட்டது. இடையில் 2021 தேர்தலில் பணி நிரந்தரம் என்று வாக்குறுதி. மே மாதம் வந்தால் சம்பளமே கிடையாது என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். மே மாதத்தில் அவர்கள் வீட்டு அடுப்பு என்ன, கோடை விடுமுறையா கேட்டது? இவர்களில் ஒருவர் ஒரு பிள்ளைக்குள் இருந்த ஓவியனைக் கண்டுபிடித்தால் அவருக்கு என்ன வெகுமதி? கலைத்திருவிழாவில் அந்தப் பிள்ளை பரிசு வாங்கும்போது, மேடைக்குக் கீழே நின்று கைதட்டலாம்.

மதிப்பீடு வேண்டாம் என்கிறீர்களா என்று அதிகாரிகள் கேட்பார்கள். சங்கத் தலைவர்கள் வேறு, ஆமாம் வேண்டாம் என்று முந்திக்கொண்டு கத்துவார்கள். மனை விற்கிற வாத்தியாரும் அவர்களுடைய சந்தாதாரர்தானே! வேண்டும் ஐயா, மதிப்பீடு வேண்டும். மேலிருந்து தொடங்குங்கள்.

15 வயதுப் பிள்ளைகளின் அறிவை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பீசா தேர்வுக்கு இந்தியா ஒரே ஒருமுறை போனது. தமிழ்நாட்டையும் இமாசலப் பிரதேசத்தையும் அனுப்பினார்கள். நாட்டிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் என்றுதான் அனுப்பியிருப்பார்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கலந்துகொண்ட 74 நாடுகள், பகுதிகளில் நாம் கடைசி வரிசை, கிர்கிஸ்தான் கைகொடுத்ததால் கடைசி இடம் மட்டும் தப்பியது. கேள்விகள் நம் பிள்ளைகளின் சமூகச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று தில்லி காரணம் சொன்னது. 2012இல் போகவில்லை. 2015இல் போகவில்லை. 2018இல் போகவில்லை. ‘கேள்வி சிலபஸுக்கு வெளியே சார், இனிமேல் பரீட்சைக்கே வரமாட்டேன்’ என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையன் சொன்னால் என்ன செய்வார்கள்? அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். தேர்ச்சி குறைந்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டு ஓலை போகும். தேவைப்பட்டால் ஒழுங்கு நடவடிக்கை விதியின் 17பி குற்றச்சாட்டு போகும். 2011க்கு விளக்கம் எழுதியது எந்தச் செயலர்? எந்த அமைச்சர்? 17பி யாருக்குப் போனது?