தலவாக்கலையில் ஒரு கோச்சித் திருவிழா

வேல்ஸ் நாட்டில் டலிலின் என்று ஒரு குட்டி ரயில் பாதை. இழுத்து மூடப்படவிருந்த அதை 1951இல் ரயில் பைத்தியங்கள் சிலர் கூடி, சம்பளம் வாங்காமலே ஓட்டத் தொடங்கினார்கள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. உலகமெங்கும் பழைய நீராவி எஞ்சின்களைத் துடைத்து, மாலை போட்டு, புகை விடவைத்து, அதைப் பார்க்க டிக்கெட் விற்கிறார்கள். அதே கரிப்புகையை அந்தக் காலத்தில் இலவசமாகக் கொடுத்தபோது, துணி காயப்போட்டவர்கள் ஏசிய ஏச்சு எந்த ரயில்வே ஆவணத்திலும் பதிவாகவில்லை.

ஊட்டி மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ பட்டமே கட்டிவிட்டது. இலங்கை மலைநாட்டு லிந்துலைக்காரர்கள் மட்டும் எதில் குறைந்தவர்கள்? ஸ்டேசனில் குறைந்தவர்கள். லிந்துலையில் ஸ்டேசன் இல்லை. ஆகவே நமது பழைய கோச்சித் திருவிழாவை, அதாவது ரயில் விழாவை, பக்கத்துத் தலவாக்கலையில் வைத்துக்கொள்வோம். பிளேன்டீ, ரொட்டி, கட்டச்சம்பல் கடைகளுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. தேயிலை விளைகிற ஊர் என்பதால் நல்ல தேயிலை கிடைக்காது. அது கப்பலேறிப் போய்விட்டது. தூள் உண்டு. நிகழ்ச்சி நிரல் பின்வருமாறு.

முதல் வருகை: கோப்பிக் கோச்சி. இது வராது. காரணத்தைக் கேளுங்கள்.

கண்டி மலையில் விளைந்த கோப்பியை மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறக்கிக்கொண்டிருந்த துரைமார், 1845இல் ரயில் கம்பனி தொடங்கினார்கள். பிறகு கூட்டம் போட்டார்கள். கூட்டத்தின் பலனாக இன்னொரு கூட்டம் போட்டார்கள். 1858இல் ஆளுநர் சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். மண் வெட்டிய கையோடு கணக்கைப் பார்த்தால் செலவு தலைக்குமேல் ஏறியிருந்தது. 1861இல் கம்பனியை அனுப்பிவிட்டு அரசாங்கமே வேலையை எடுத்துக்கொண்டது. கடைசியில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீட்டர் ஓடிக் காட்டினார்கள். கண்டிக்கு 1867இல் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885.

இதற்கிடையில் கோப்பி சும்மா இருக்குமா? 1869இல் இலையில் துரு நோய் பிடித்தது. கோச்சி மூச்சுவாங்கி மேலே வந்து சேர்ந்தபோது, எதை ஏற்ற வந்ததோ அது செத்துப்போயிருந்தது. நல்லவேளையாக, கண்டிக்கு ரயில் வந்த அதே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டுவைத்திருந்தார். பட்டுப்போன கோப்பி மரங்களைப் பட்டை சீவி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றும், அங்கே அவை தேநீர் மேசைக்குக் கால்களாயின என்றும் சொல்வார்கள். தோற்றவனை ஜெயித்தவனுக்குக் கால் பிடிக்கவைப்பதில் வெள்ளைக்காரனை மிஞ்ச ஆளில்லை.

கோப்பிக்காவது மாட்டுவண்டி இருந்தது. இந்தியாவிலிருந்து கோப்பி பறிக்க வந்த நம் சனத்துக்கு அதுவும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுக்குள்ளே நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். தலைமன்னார்த் துறைக்கு ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் 1914இல்தான் கைகோத்தன. அதாவது, சரக்குக்கு ரயில் போட்டு ஐம்பது வருசம் கழித்து, அதைச் சுமந்தவனுக்கும் ஒரு பெஞ்சு கிடைத்தது.

இரண்டாவது நிகழ்ச்சி: தலைப்பாகைக்கு மரியாதை. நானுஓயாவிலிருந்து பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஏப்ரல் 5 வரை ஆனது. ஐந்தரை அடி அகலப் பாதையை, 44 அடிக்கு ஒரு அடி ஏறுகிற சரிவில், பட்டிப்பொளையில் 6,226 அடி உயரத்துக்குக் கொண்டுபோய், மறுபடி இறக்குவது லேசான காரியமில்லை. தெமோதரையில் இறக்கம் மட்டுமீறிவிட்டது. எஞ்சினியர்மார் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்துத்தான், பாதையைச் சுற்றிவளைத்து அதே ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கமாக நுழைக்கிற யோசனை எஞ்சினியர் விமலசுரேந்திரவுக்கு வந்தது என்று ஒரு கதை. கதை உண்மையோ பொய்யோ, அதன் முடிவு நூற்றுக்கு நூறு நம்பத்தக்கது: எஞ்சினியரின் பெயர் நிலைத்தது, கங்காணியின் பெயர் யாருக்கும் தெரியாது. கங்காணியே அப்படியென்றால், அவருக்குக் கீழே பாறை உடைத்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது வருகை: உடப்புசல்லாவைச் சின்னக் கோச்சி. இரண்டரை அடிப் பாதை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 1903, 1904இல் திறந்தார்கள். லொறியும் பஸ்ஸும் வந்து போட்டி போட, 1940களில் மூடித் தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அதனால் நுவரெலியாவுக்கு டிக்கெட் எடுக்கிற வெளிநாட்டுக்காரர் இன்றைக்கும் நானுஓயாவில் இறங்கி, ஊர் எங்கே என்று தேடுகிறார். ஊர் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைத் திரீவீல் தம்பிமார் அவருக்கு அன்போடு விளக்குகிறார்கள். சின்னக் கோச்சியை நிறுத்தியவர்களுக்கு நன்றிக்கடனாக இந்தத் தம்பிமார்தான் நமது விழாவின் பந்தல் செலவை ஏற்க வேண்டும்.

நான்காவது வருகை: கனடாக்காரர்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா அன்பளிப்பாக அனுப்பிய எம்2 டீசல் எஞ்சின்கள் 1954இல் வந்து இறங்கின. ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயரை உடம்பில் எழுதிக்கொண்டே வந்தன. அதற்கு ஆறு வருசம் முன்னால், 1948இல், குடியுரிமைச் சட்டம் நம் ஆட்களைப் பார்த்து, உன் அப்பன் இங்கே பிறந்தானா, அதற்கு அத்தாட்சி எங்கே, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு எங்கே என்று கேட்டிருந்தது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதினார்கள்? ஒன்டாரியோவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. வந்த நாளே தண்டவாளத்தில் ஏற்றினார்கள், பெயரைக்கூட மாற்றச் சொல்லவில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்டாரியோவுக்கே போய்க் குடியேறினார்கள். கனடா எஞ்சின்களைத் தந்து நிறையப் பேரை வாங்கிக்கொண்டது. அன்பளிப்பு என்றால் சும்மாவா?

அந்த டீசல்களை நம்பித்தான் ரயில்வேயின் பெரியவர் பி. டி. ராம்பால 1956இல் யாழ்தேவியையும் உடரட்ட மெனிகேயையும் ஓடவிட்டார். தனிச்சிங்களச் சட்டமும் அதே 1956தான். ராம்பால தண்டவாளத்தால் நாட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பாராளுமன்றம் அதை மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தது. இரண்டில் எந்த வேலை நேரத்துக்கு முடிந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஐந்தாவது வருகை: அழுகைக் கோச்சி. இதற்கு மட்டும் பாண்ட் வாத்தியம் கிடையாது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து நம்மைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் பார்த்தார்கள்: ஆளுக்கு 75,000. கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளைகூட இப்படித் துல்லியமாகப் பாதி பிரித்ததில்லை. ஒப்பந்தம் எழுதிய மை காயுமுன்னே, அதே வருச டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி கடலுக்குள் போய்விட்டது. இரண்டு அரசாங்கங்களும் அசரவில்லை, கப்பலை ராமேஸ்வரத்துக்குத் திருப்பிவிட்டன. மலைநாட்டு ஸ்டேசன்களில் ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்பிப் போவது என்று விசாரிக்க மட்டும் கவுன்டர் இருக்கவில்லை. மிஞ்சியவர்களின் குடியுரிமைக் கணக்கைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

ஆறாவது வருகை: வைஸ்ராய் ஸ்பெஷல். இதுதான் அசல் பழைய ரயில். நீராவி எஞ்சின், மெத்தை இருக்கை, குளிர்சாதனம், சாப்பாட்டுப் பெட்டி என்று 1986இலிருந்து வெளிநாட்டு விருந்தினருக்காக ஓட்டப்பட்டது. வரலாற்றுப் பெருமை என்று சொல்கிறீர்களே, எந்த வைஸ்ராய் ஐயா? இலங்கையை ஆண்டவர்கள் ஆளுநர்கள். வைஸ்ராய் இருந்தது டில்லியில். இல்லாத வைஸ்ராய்க்கு ஒரு ரயில் இருக்கும்போது, இருந்த கூலிக்காரனுக்கு ஒன்று இருந்தால் என்ன? பெயர்கூட யோசித்துவிட்டோம்: பெரட்டு ஸ்பெஷல். தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் சேர்ப்பதுபோல விடியற்காலையில் தப்படித்து எழுப்பி ஏற்றுவோம். தாமதமாக வந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

நிறைவு நிகழ்ச்சி: கைமாறும் வளையம். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய 1874ஆம் வருச விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் கண்டுபிடித்த முறை இது. ஸ்டேசன் தருகிற வில்லை கையில் இருந்தால்தான் ட்ரைவர் அடுத்த ஸ்டேசனுக்குப் போகலாம். வில்லையைப் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, ஓடுகிற ரயிலுக்கு நீட்டுவார்கள்; ட்ரைவர் எட்டிப் பிடித்துக்கொள்வார். 2014 டிசம்பர் 27ஆம் திகதி, முதல் ஓட்டத்தின் 150ஆவது நிறைவுக்குக் கடுகண்ணாவையில் ரயில் மியூசியம் திறந்தார்கள். அன்றைக்கும் நமது மலைப்பாதையில் இந்த வளையம் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. மற்ற நாட்டில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற சாமானை, நமது ஊரில் ஆட்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் காட்டினார்கள். பின்தங்கியிருப்பதிலும் இப்படி ஒரு சௌகரியம் உண்டு: கொஞ்சம் பொறுத்திருந்தால் அதுவே பாரம்பரியமாகிவிடும். இதே நியாயத்தில் நமது லயங்களையும் பாரம்பரியச் சின்னம் என்று யாராவது அறிவித்துவிடுவார்களோ என்பதுதான் பயம். அறிவித்தால் ஓட்டைத் தகரத்தைக்கூட மாற்ற விடமாட்டார்கள்.

விழாவுக்குக் கட்டணம் இல்லை, எல்லாரும் வரலாம். ரயில்வே பெரியவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். எஞ்சினுக்கெல்லாம் ஆளுநர் பெயரும் மாகாணப் பெயரும் வைத்தாகிவிட்டது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்தின் வாசலில், மலையைக் குடைந்தவர்களுக்கும் ஒரு பலகை வையுங்கள். மூன்று மொழியிலும் எழுதுங்கள். தமிழைத் தயவுசெய்து எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள்.