தொலைநோக்கு வாய்த்த பாடமே, வாழ்க!

சர்வதேச உறவுகள் என்னும் முதுகலைப் பாடமே, உன்னைப் போல நெடுந்தூரம் பார்க்கத் தெரிந்த படிப்பு வேறில்லை. உன்னிடம் சேர்ந்த மாணவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1648, வெஸ்ட்பாலியா உடன்படிக்கை என்று சொல்வாள். ஈஜியன் கடலின் மிலோஸ் என்னும் சிறு தீவை ஏதென்ஸ் எப்படி மிரட்டியது, என்ன வாதம் வைத்தது, கடைசியில் ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் எப்படி அடிமையாக்கியது என்று அடுக்குவாள். கண்டம் தாண்டி, இரண்டாயிரத்து நானூறு ஆண்டு தாண்டிப் பார்க்கும் கண்ணை அவளுக்குக் கொடுத்தவன் நீ.

அவள் ராமநாதபுரத்துக்காரியாக இருந்தாலும், 1974-ல் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போன ஒப்பந்தத்தையும், அந்நாட்டுக் கடலில் இந்திய மீனவர் மீன் பிடிக்கக் கூடாதென்று 1976-ல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களையும் படித்தே ஆகவேண்டும் என்று நீ வற்புறுத்துவதில்லை. அவளுடைய அப்பா அந்தக் கடலுக்குப் போகிறவர். வீட்டில் தினமும் பேசுவதை வகுப்பிலும் பேசவைக்காத கருணை உன்னுடையது.

உன் கோட்பாடுகளின் தூய்மையை என்னவென்று புகழ்வேன்! கென்னத் வால்ட்ஸ் 1979-ல் எழுதிய நூலில் நாடுகள் யாவும் ஒரே மாதிரி அலகுகள். அவற்றைப் பிரிப்பது பலம் மட்டுமே. அந்த ஏட்டில் ஒரு துளி வியர்வை சிந்தியிருக்காது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்டு, இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். பிறந்த ஊரை விட்டுக் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து கிள்ளினார்கள். உன் கணக்கில் இரண்டு நாடுகள் இருந்தன, ஒப்பந்தத்துக்குப் பிறகும் இரண்டு நாடுகளே இருந்தன. அமைப்பு கொஞ்சமும் குலையவில்லை. இவ்வளவு பேரைத் தூக்கி வைத்தும் சாயாத தராசு உலகத்தில் வேறு எங்கே உண்டு?

உன் பெருந்தன்மையும் சிறிதல்ல. மேற்கு அல்லாத சர்வதேச உறவுக் கோட்பாடு ஏன் இல்லை என்று 2007-ல் அமிதவ் ஆச்சார்யாவும் பாரி புசானும் கேட்டார்கள். நீ கோபிக்கவில்லை. அந்தக் கேள்வியையும் வாசிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாய். உன் மேற்கத்திய ஆசான்களான மார்கென்தோவுக்கும் வால்ட்ஸுக்கும் அடியில் அது பத்திரமாக இருக்கிறது. குற்றச்சாட்டைத் தேர்வுக் கேள்வியாக்கி மதிப்பெண் போடும் பக்குவம் ஞானிகளுக்கும் எளிதில் வராது.

சிங்களம், பர்மியம், நேபாளி என்று அக்கம்பக்கத்து மொழிகளைக் கற்கச் சொல்லிப் பெரும்பாலான வகுப்புகளில் நீ யாரையும் வருத்துவதும் இல்லை. அண்டை நாட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்பதை லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சான ஆங்கிலப் பக்கங்களிலிருந்தே தெரிந்துகொள்ள வழி செய்திருக்கிறாய்.

முதல் உலகப் போரில் இறந்த மாணவர்களின் நினைவாக, இனியொரு போர் வரக் கூடாதென்று 1919-ல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் உனக்கு முதல் பேராசிரியர் இருக்கை அமைத்தார்கள். அவர்கள் உழைப்பு வீண்போகவில்லை. அதன்பின் மூண்ட ஒவ்வொரு போருக்கும், அது மூண்டே தீர வேண்டியிருந்தது ஏன் என்று நீ குறையில்லாமல் விளக்கியிருக்கிறாய்.