தொட்டி இருந்த இடத்தார்

தெருமுனைக் குப்பைத்தொட்டியை மாநகராட்சி தூக்கிக்கொண்டு போன பிறகும், அது இருந்த இடத்தைப் பார்த்துப் பையை வைத்துவிட்டுப் போகிறவர் ‘தொட்டி இருந்த இடத்தார்’ எனப்படுவார். சென்னையின் எல்லா மண்டலங்களிலும் காணக் கிடைக்கிறார். சொந்த வீடு, வாடகை வீடு, படிப்பு, கட்சி என்ற பேதம் இந்த இனத்தில் இல்லை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் தீங்கான கழிவு என்று வீட்டார்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. பேட்டரி வண்டி வாசலுக்கே வரத் தொடங்கியது. பச்சைக் கூடை மக்குவதற்கு, நீலக் கூடை மக்காததற்கு. பல தெருக்களில் தொட்டி காணாமல் போனது, இவர் தோன்றினார்.

வண்டியின் விசில் கேட்கும்போது இவர் குளித்துக்கொண்டிருப்பார். ஏழு மணிக்கு வந்தால், “இவ்வளவு சீக்கிரம் யார் முழிச்சிருப்பா?” என்பார். எட்டரைக்கு வந்தால், ஆபீஸ் நேரத்தில் வழியை மறிக்கிறது என்பார். “நேத்து வண்டியே வரலியேம்மா?” என்று தூய்மைப் பணியாளரிடம் கேட்பதும் உண்டு. “வந்துச்சு சார். நீங்கதான் பால்கனில நின்னு பாத்துக்கினு இருந்தீங்க.”

செயல்முறை எளிது. பை ஸ்கூட்டரில் காலுக்கடியில் பயணம் செய்யும். இடம் வந்ததும் வேகம் குறையும், வண்டி நிற்காது. நின்று போட்டால்தான் அது குப்பை போடுவது. ஓடும் வண்டியிலிருந்து விழுந்தால் இவர் கணக்கில் அது விபத்து. அந்தப் பையோ தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை. கல்யாணத் தாம்பூலத்தில் வந்த மஞ்சப்பைகள் வீட்டுப் பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஆனால் யாருடைய திருமணமோ அச்சிடப்பட்ட பையை, மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக இவருக்கு மனம் வராது.

பிரிக்கத் தெரியாதவர் என்று மட்டும் இவரை நினைத்துவிடக் கூடாது. பால் கவரைக் கழுவி, சமையலறை டைல்ஸில் ஒட்டிக் காயவைத்து, அடுக்கி வைக்கும் குடும்பம் இது. ஆங்கிலப் பேப்பருக்கு விலை கூடுதல் என்பதால் தமிழ்ப் பேப்பரோடு கலக்க விடமாட்டார். இரும்பு தனி, பித்தளை தனி, அட்டைப்பெட்டி தனி. பழைய பேப்பர்க்காரர் தராசைத் தூக்கும்போது முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து, 50 கிராமுக்காக வாதாடுவார். காயலாங்கடையில் எது போகும், எது போகாது என்பது அத்துப்படி. 2016 விதிகளின் வகைப்பாடு மூன்று. இவருடையது இரண்டு: காசு தருவது, தராதது. நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரத் தொடங்கியதும், புதரில் கிடந்த பாட்டில்கள் கடைக்கு நடந்து வந்ததற்கும் இதே வகைப்பாடுதான் காரணம்.

“நாம பிரிச்சுக் குடுத்தா மட்டும்? அவங்க எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டறாங்க!” என்பது இவருடைய முதன்மை வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரித்த குப்பை லாரியில் மறுபடி ஒன்றாவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அப்படிக் கலந்தது இவர் பிரித்துக் கொடுத்த குப்பை அல்ல. அப்படி ஒரு குப்பை இதுவரை கிடையாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேட்டில், பிரிக்காமல் கொட்டிய பல பத்தாண்டுக் குப்பையைத் தோண்டிச் சலித்து மண், கல், பிளாஸ்டிக் என்று பிரித்தார்கள். இவருடைய அப்பா தலைக்குத் தேய்த்த ஷாம்பு பாக்கெட் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

இந்த இனத்தில் மூத்த பிரிவு ஒன்று உண்டு. 2000-இல் நகரின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ள வந்த ஓனிக்ஸ் என்ற நிறுவனம் போய்ப் பல காலமாகிவிட்டது. இவர்களுக்கு எந்தக் குப்பை வண்டியும் இன்றும் ஓனிக்ஸ் வண்டிதான்.

குப்பை சேரும் இடத்தைச் சுத்தம் செய்து கோலம் போட்டுப் பார்ப்பது நகராட்சிகளின் நம்பிக்கை. இவருக்குக் கோலத்தின் மேல் மரியாதை அதிகம். ஒரு புள்ளியும் கலையாமல் பையை ஓரமாக வைப்பார். சுவரில் சாமி படம் வரைந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி வைப்பார். பூந்தொட்டி வந்தால் இன்னும் இரண்டடி. இப்படியே நகர்ந்து நகர்ந்து குப்பைமேடு ஈ.பி. பெட்டியை அடையும்போது, 1913-க்குப் போன் செய்து, தெரு நாறுவதாக முதல் புகார் கொடுப்பவரும் இவரே.

பழக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்வது காலை நேரங்களில். ஸ்கூலுக்குக் கிளம்பும் பையன் கையில் பையைக் கொடுத்து, “போற வழியில வச்சிடுடா” என்பார்.

“எங்கப்பா?”

“அதான்டா, தொட்டிக்கிட்ட.”

பையனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் தொட்டி கிடையாது. ஆனாலும் இடம் தவறாமல் வைத்துவிட்டுப் போகிறான்.