டல்லாசுக்கு வந்த ஜப்பான் மாப்பிள்ளை

மருமவனே, நீரு அனுப்பின படத்தைப் பார்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழட்டிட்டும் பார்த்தேன். இலை கருகித்தான் இருக்கு. "மூணு வேளையும் தண்ணி ஊத்துதேன், உரம் வைக்கேன், இன்னும் என்ன செய்யணும் மாமா?"ன்னு கேட்டிருக்கீரு. கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் செய்யாம இரும். உமக்கு அது கஷ்டந்தான், தெரியும்.

ஜப்பான் மேப்பிள் தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. வெயில் ஆகாது, காத்து ஆகாது, கால் நனையக் கூடாது, தொண்டை காயக் கூடாது. ஆனா நீரு அன்னைக்கு எங்க வீட்டுல கேட்டதுக்கெல்லாம் காரணம் இருந்துச்சா? இது கேக்குறதுக்கு இருக்கு. ஜப்பான், கொரியா மலைக்காட்டுல, பெரிய மரங்களுக்கு அடியில, மக்கின இலை மண்ணுல வளர்ந்த சாதி. காலம்பற இளவெயில், மத்தியானம் நிழல், குளிர்காலத்துல நல்ல உறக்கம். அம்புட்டுதான் அதோட ஆசை. அதைக் கொண்டுபோய் மேற்கு பார்த்த செங்கல் சுவரோரம், நாலு மணி வெயில்ல நிறுத்தியிருக்கீரு.

இலை விடுற ஈரத்தை ஈடுகட்ட வேரால முடியல. அதான் நுனி கருகுது. வேர் மேல குத்தமில்ல. உம்ம வீட்டு மண்ணை நான் மிதிச்சவன். நம்ம கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலேதான் வே! மழை பெஞ்சா செருப்பைப் பிடுங்கும், காஞ்சா வெடிக்கும், அடியில சுண்ணாம்பு. இந்த மரத்துக்கு வேண்டியதோ கொஞ்சம் புளிப்பான மண்ணு, பி.எச். 5.5-லருந்து 6.5 வரைக்கும். அந்தக் களியில மூணு வேளை தண்ணியும் ஊத்தினா மேல இலை காயும், கீழ வேர் அழுகும். ரெண்டுக்கும் ஒரே ஆளு காரணம். பேரைச் சொல்ல மாட்டேன்.

இலையெல்லாம் உதிர்ந்து மரம் உறங்கட்டும். அப்பறமா வீட்டுக்குக் கிழக்கால, அந்த ஓக் மரத்து நிழலுக்கு மாத்தும். ஆழக் குழி வெட்டாதேயும். இதோட வேர் சல்லி சல்லியா மேலாப்புலதான் பரவும். மண்ணை மேடு கட்டி, வேர்க்கட்டி தரைக்கு ஒரு பொடி மேலயே நிக்கிற மாதிரி நடும். ரெண்டு மூணு அங்குலத்துக்கு மரப்பட்டை மூடாக்குப் போடும், தண்டைத் தொடாம. உங்க தெருவுல எல்லாரும் தண்டைச் சுத்திக் கோபுரம் எழுப்பி வச்சிருக்காக, அதைப் பார்த்துப் படிக்காதேயும். தண்ணி ஊத்துறதுக்கு முன்னால விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரும். ஈரம் இருந்தா குழாயை மூடிட்டுக் காப்பி குடிக்கப் போம்.

"டெக்சாஸ் வெயில்ல இது வளருமா"ன்னு பெருமூச்சு விடாதேயும். பக்கத்துல ஃபோர்ட்வொர்த்துல ஜப்பானியத் தோட்டம் இருக்கு, 1973-ல திறந்தது. அதே வெயில்ல அங்க மேப்பிள் நல்லாத்தான் நிக்குது. எங்க நிக்குதுன்னு பார்த்துட்டு வாரும், செல்ஃபி அப்பறம் எடுக்கலாம்.

இன்னொண்ணு. நூல் நூலாக் கிழிஞ்ச இலைதான் அழகுன்னு அந்தச் சாதியைப் புடிச்சீரு. நூலு சீக்கிரம் கருகும். சரி, பிளட்குட்னு செவப்பு இலைக்காரன் இருக்கான், அவன் கொஞ்சம் தாங்குவான். ஆனா கோடை முத்தினா அவன் செவப்பும் மங்கிப் பச்சையும் பழுப்புமா ஆயிரும். நோய்னு நினைச்சு மருந்தடிச்சிராதேயும். ஒட்டுக்குக் கீழ தளதளன்னு பச்சைத் துளிர் வந்தா "பிழைச்சிருச்சு மாமா!"ன்னு போனும் போடாதேயும். அது ஒட்டுக்கட்டின அடிச்செடியோட துளிர். விட்டா மேல உள்ளவனைத் தள்ளிட்டு அதுவே குடித்தனம் நடத்தும். நறுக்கிப் போடும்.

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதேயும். ஆரிகன்காரரு வெர்ட்ரீஸ், ஜப்பானிய மேப்பிளுக்குன்னே 1978-ல ஒரு புத்தகம் போட்டாரு. உம்ம வீட்டு அலமாரியில உறை பிரிக்காம அலங்காரமா நின்னுச்சு. உறையைப் பிரிச்சதும், பேத்தியை வாசிக்கச் சொன்னதும் நாந்தான்.

டொரண்டோ அக்காவுக்கும் சொல்லிரும். அவளுக்கு இரக்க மனசு. பனி விழுந்ததும் தொட்டியோட மரத்தைத் தூக்கி ஹீட்டர் பக்கத்துல வச்சு, கம்பளியும் போர்த்தியிருக்கா. குளிர்ல உறங்கலைன்னா அந்த மரம் வசந்தத்துல சரியாத் துளிர்க்காது. தரையில நட்டிருந்தா மைனஸ் இருபதையும் தாங்கும். தொட்டிக்குள்ள இருக்குற வேருதான் மைனஸ் பத்துக்கே தவிக்கும். ஹீட்டர் இல்லாத கார் ஷெட்டுல வச்சு, மண்ணு ரொம்பக் காயாமப் பார்த்துக்கிட்டாப் போதும். துளிர் விட்ட பொறவு திடீர்னு உறைபனி வந்தா அன்னைக்குப் போர்த்தட்டும் அந்தக் கம்பளியை. எட்மன்டன் சகலைக்கு அமுர் மேப்பிள்தான் சரி. அவர் ஊருக் குளிருக்கு வேற பேச்சே வேண்டாம்.

மெட்ராஸ்ல இருக்கிற உம்ம தம்பியை நினைச்சாத்தான் சிரிப்பு வருது. ஆன்லைன்ல "நீல மேப்பிள்" விதை வாங்கியிருக்கானாம்! நீல இலை விடுற ஜப்பான் மேப்பிள் கம்ப்யூட்டருக்குள்ள மட்டுந்தான் வளரும். நெசமான விதையே வந்திருந்தாலும், அது முளைக்க மூணு மாசம் போல ஈரக் குளிர் வேணும். அதை ஃப்ரிட்ஜுல குடுத்துரலாம். முளைச்ச மரத்துக்கு வருசா வருசம் குளிர்காலத்தை எந்த ஃப்ரிட்ஜுலருந்து எடுப்பான்? செவப்பு இலைதான் ஆசைன்னா, தெருமுனை நாட்டு வாதாமரம் இலை உதிர்க்குமுன்ன செக்கச் செவேல்னு ஆகும், காசில்லாமப் பார்க்கலாம். இல்ல, மேப்பிளோட சம்பந்தம்தான் வேணும்னா வேலியில முடக்கத்தான் கொடியை ஏத்தட்டும். தாவரக் கணக்குல ரெண்டும் ஒரே குடும்பம். அந்தக் கீரையில தோசை சுட்டு, மூட்டு வலிக்காரன் எனக்கும் ரெண்டு குடுத்து விடச் சொல்லும்.