செயலி வைத்தியம்

கேள்வி: காரில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிகிறது. செல்போன் செயலி 'ஆக்சிஜன் சென்சாரை மாற்று' என்கிறது. மெக்கானிக்கோ 'பொறுங்க சார், பார்க்கலாம்' என்கிறார். யாரை நம்புவது?
- வாசகர், கண்ணமங்கலம்

பதில்: செயலியைக் கேளுங்கள், மெக்கானிக்கை நம்புங்கள்!

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட் வழியாக, காரின் கணினி பதிந்துவைத்த குறியீட்டை வாசிப்பதுதான் செயலியின் வேலை. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே கட்டாயமான ஏற்பாடு இது; நோக்கம், புகையைக் கட்டுப்படுத்துவது. அதனால் தேய்ந்த பிரேக் பேடைப் பற்றி அது பெரும்பாலும் மூச்சுவிடாது.

'பி0171' என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். விரிசல் விட்ட ரப்பர் குழாயோ, அழுக்கேறிய சென்சாரோ, சோர்ந்துபோன பெட்ரோல் பம்போ காரணமாக இருக்கலாம். புடவையில் இழை விட்டிருப்பதை யாரும் காட்டிவிடலாம். தறியில் எங்கே கோளாறு என்பதை உங்கள் ஊர் நெசவாளிதானே சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மெக்கானிக் பார்க்கும் முன் குறியீட்டை அழிக்காதீர்கள், கூடவே தடயமும் அழியும். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் செயலியைத் தேடாதீர்கள், வண்டியை ஓரங்கட்டுங்கள்!