கண்டிக் கடிதம்: முனகும் காரும் ஊர் வைத்தியமும்



கண்டிக்கு வேலையாக வந்து குடியேறும் தமிழ்நாட்டுக்காரரை முதலில் மலைக்க வைப்பது புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை அல்ல, கார் விலை. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்தக் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில், அதுவும் கையைச் சுடும் வரியோடு. ஆகவே, நம்மூரில் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருக்கக்கூடிய வண்டிக்கு இங்கே கல்யாணச் சீர் மாதிரிப் பேரம் நடக்கிறது.

அப்படிக் கைக்கு வருவது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிக் களைத்த விட்ஸோ, அக்குவாவோ, வேகன் ஆரோ. கிளப்பியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்வாள். புதிதாக வந்தவர் எஞ்சின் போச்சு என்று பதறுவார். அந்த அம்மாள் சொல்வதெல்லாம், ஜப்பான் நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டும் அட்டை செருகப்படவில்லை என்பதுதான். பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் நடுவே அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் குரல் பழகிய பிறகுதான் முனகல் காதில் விழும். 'ங்ஙொய்ய்' என்று, கொசு ஒன்று பானட்டுக்குள் குடியிருப்பது போல.

மலைகளுக்கு நடுவே கிண்ணமாய்க் குழிந்த ஊர் கண்டி. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது. கொழும்பிலிருந்து வந்தால் கடுகண்ணாவை ஏற்றத்தில் சத்தம் கச்சேரியாகிவிடும். அந்தப் பாதையைப் போட்ட கேப்டன் டாசனின் நினைவுக் கோபுரம் அங்கே நிற்கிறது, எழுப்பியது 1832-இல். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் சிறைப்பட்டு நம் வேலூரில் இறந்ததும் அதே ஆண்டு. அவர் வெட்டிய ஏரியைச் சுற்றித்தான் இன்று போக்குவரத்து நெரிசல். நெரிசலிலும் ஒரு நன்மை உண்டு: வண்டி நிற்கும்போது காது கூர்மையாகிறது.

சத்தம் கேட்டதென்று வாய்விட்டுச் சொன்னால் போதும், வைத்தியர்கள் முளைத்துவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரர் 'டைனமோ' என்பார். முச்சக்கரவண்டிக்காரர் 'கியர்பாக்ஸ்தான் அண்ணே' என்று அடித்துச் சொல்வார். பெட்ரோல் ஷெட்டில் நிற்கும் பையன் ஸ்டியரிங் எண்ணெயைப் பார்க்கச் சொல்வான். இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலும் மின்சார ஸ்டியரிங். பார்ப்பதற்கு எண்ணெயே இருக்காது என்பதை அவனிடம் யாரும் சொல்வதில்லை.

நல்ல பாஸ் (இங்கே மெக்கானிக்குக்கு அதுதான் மரியாதை) வாயைத் திறக்குமுன் ஒரே ஒரு சோதனை செய்வார். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதிப்பார். சத்தமும் கூடவே ஏறினால் குற்றவாளி எஞ்சின் பக்கம்: பெல்ட், டென்ஷனர் பேரிங், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், இவற்றில் ஏதோ ஒன்று. நிற்கும்போது கப்சிப்பென்று இருந்து, ஓடும்போது மட்டும் வேகத்தோடு ஏறினால் வீல் பேரிங்கையோ கியர்பாக்ஸையோ சந்தேகிக்க வேண்டும். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஊளை கூடினால் பெரும்பாலும் வீல் பேரிங்தான்.

எஞ்சின் பக்கம் என்று தெரிந்தால் பெல்ட் மீது கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். சத்தம் ஒரு நொடி அடங்கினால் வழக்கு பெல்ட்டோடு முடியும். அடங்காவிட்டால் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார். பேரிங் போயிருந்தால் கரகரப்பு நேராகக் காதுக்கு வரும். ஓடும் பெல்ட் பக்கத்தில் லுங்கியோடு குனிவது அவருடைய துணிச்சல், நாம் செய்யக்கூடாது. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டதும் முனகல் உரத்தால் ஆல்டர்னேட்டர் மீது சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கோளாறே இல்லாத முனகல்களும் உண்டு. ரிவர்ஸில் போகும்போது மேனுவல் கியர் கார்கள் பல ஊளையிடும். அவற்றில் அந்தக் கியரின் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை, மற்றவை சாய்வானவை. கண்டி மழையில் நனைந்த பெல்ட் காலையில் சற்று நேரம் கீச்சிட்டுவிட்டு ஓய்வதும் சகஜம். ஹைபிரிட் கார்கள் பலவற்றில் மெதுவாகப் போகும்போது வரும் மெல்லிய ரீங்காரம், பாதசாரிகளை எச்சரிக்கவென்றே ஸ்பீக்கரில் ஒலிப்பது. அதைச் 'சரிசெய்து' தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் வண்டியை விடாமலிருப்பது உத்தமம்.

உதிரிப்பாகம் கண்டியில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். பழைய உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன இடம் அது. டென்ஷனர் பேரிங் பஸ்ஸேறி வந்து சேரும்வரை வண்டி ஓய்வெடுக்கும், முதலாளி லேலண்ட் பஸ்ஸில் தொங்குவார். அந்த பஸ்ஸின் முதல் கியர் முனகல் லேலண்ட் தொழிற்சாலை இருக்கும் நம் எண்ணூரை நினைவூட்டுமாம்.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வைத்தியம் சொல்லும் மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'பெல்ட்டை மாத்துப்பா' என்று அனுப்புவதற்கு முன், வண்டி நிற்கும்போதும் சத்தம் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.