லாரியில் வந்த டிரவுட்

ஹாம்ப்ஷயரில் நான் தூண்டில் போடும் ஏரியை ஏரி என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். இந்தக் கரையில் ஒருவர் தும்மினால் அந்தக் கரையில் நிற்பவர் ‘பிளெஸ் யூ’ சொல்லிவிடுவார். சுற்றிலும் ஆல்டர் மரங்கள், நடுவில் தண்ணீர், தண்ணீருக்குள் ரெயின்போ டிரவுட். அந்த டிரவுட் லாரியில் வந்தது.

லாரியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் இங்கே நாகரிகம். பண்ணைத் தொட்டியில் வளர்த்த மீனை, ஆக்சிஜன் குழாய் பொருத்திய லாரியில் ஏற்றி வந்து, கைவலையால் அள்ளி ஏரியில் விடுகிறார்கள். மீனின் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம். பல ஏரிகளில் விடுவது டிரிப்ளாய்டு வகை. அதாவது முட்டையாக இருக்கும்போதே அழுத்தமோ சூடோ கொடுத்து, வம்சம் விருத்தியாகாதபடி செய்துவிடுகிறார்கள். காதல், கல்யாணம், பிள்ளைகள் என்று எந்தப் பிடுங்கலும் இல்லாததால் அதற்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். விடுதியில் மணியடித்ததும் தட்டோடு ஓடும் பையன் மாதிரி, தண்ணீரில் ‘தொப்’பென்று எது விழுந்தாலும் ஓடி வரும். பண்ணையில் அந்தச் சத்தம் கேட்டால் தீவன உருண்டை வந்தது என்று அர்த்தம்.

இந்த அப்பாவியை ஏமாற்ற நாங்கள் செய்யும் ஏற்பாடு இருக்கிறதே! 13 வயது ஆன எவரும் முதலில் அரசாங்க உரிமம் வாங்க வேண்டும். பிறகு ஏரிக்காரரிடம் அன்றைய டிக்கெட். பத்தடி நீளக் கோல். பைக்குமேல் பை வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை. வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் கறுப்புக் கண்ணாடி. தண்ணீரின் பளபளப்பை மறைத்து மீனைக் காட்டுமாம். மண்புழு கூடாது. தக்கை கூடவே கூடாது. ஆனால் பளிச்சென்று ஒரு மிதவையை நூலில் கட்டி ‘இண்டிகேட்டர்’ என்று சொல்லிக்கொண்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முள்ளில் கட்டியிருப்பது இறகும் ரோமமும் வைத்துச் செய்த பொய் ஈ, ஊதினால் பறந்துவிடும். அதனால் நூலையே பிளாஸ்டிக் பூசிக் கனமாகச் செய்திருக்கிறார்கள். கோலைப் பின்னால் வீசி, நூல் முதுகுக்குப் பின்னே முழுசாக நீளும்வரை பொறுத்திருந்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். கடிகாரக் கணக்கில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே கோல் ஆட வேண்டும் என்பது பாலபாடம். பொறுத்திருக்கும் அந்த ஒரு நொடியில்தான் வித்தையே இருக்கிறது. அந்த ஒரு நொடியில்தான் பின்னால் நிற்கும் ஆல்டர் மரமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்த ஏரியில் அதிகமான பொய் ஈக்களைக் கவ்வியது எந்த மீனும் அல்ல, அந்த மரம்தான்.

இதில் ஆசாரமும் உண்டு. ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவருடைய சீடர்களுக்கு, ஈ தண்ணீர்மேல் மிதந்தால் சுத்தம், மூழ்கினால் தீட்டு. ஜி.ஈ.எம். ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் 1910இல், மீன் தண்ணீருக்குள்ளும் சாப்பிடத்தானே செய்கிறது என்ற கட்சியை எடுத்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதிவைத்தார். 1938இல் லண்டன் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் நடந்தது. ஐரோப்பா இன்னொரு யுத்தத்துக்குத் தோள்தட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அவர்களாவது ஆற்றில் பிறந்து வளர்ந்த மீனுக்காகச் சண்டை போட்டார்கள். எங்கள் லாரிப் பயணிக்கு மேலே கீழே என்ற பேதமெல்லாம் கிடையாது.

என்னுடைய பெட்டியில் ஒரு பக்கம் ‘பஸ்ஸர்’ வகை: கொசு ஜாதிப் பூச்சி கூட்டுப்புழுவாக மேலே ஏறி வருவதை அச்சாகப் பார்த்துச் செய்தது. மறுபக்கம் ‘பிளாப்’: ஆரஞ்சு நிற ஜிகினா உருண்டை. அந்த முகவெட்டோடு பூமியில் எந்தப் பூச்சியும் பிறந்ததில்லை. புதிதாக வந்திறங்கிய டிரவுட்டுக்கு அதன்மேல்தான் உயிர். பக்கத்தில் நிற்கும் பெரியவர் வரிசையாக மீன் பிடிப்பார். என்ன ஈ என்று கேட்டால் உள்ளங்கையை மூடிக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசுவார். விரலிடுக்கில் ஆரஞ்சு தெரியும்.

எனக்குப் பிரியமானது வேறொன்று. நம்முடைய தென்னிந்தியச் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகு வைத்துக் கட்டியது. கறுத்த இறகில் மெழுகு சொட்டினாற்போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டு இருக்கும்; அதை ஈக்குக் கண்ணாக வைத்துக் கட்டுவார்கள். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து இந்தத் தோல்கள் கப்பலேறி வந்தன. ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் இங்கேயே அந்தப் பறவையை வளர்க்கிறார்கள். ஆக, நம் காட்டுச்சேவலின் வாரிசும் அமெரிக்க மீனின் வாரிசும் ஹாம்ப்ஷயர் குட்டையில் சந்திக்க, நடுவில் தரகனாக நான்.

ஆனால் ஒன்று, முள் மாட்டியதும் டிரவுட் லாரியை மறந்துவிடுகிறது. ஆகாயத்துக்கு எழும்பும், ஆழத்துக்கு ஓடும், ரீல் கீச்சிடும், எனக்குக் கை உதறும். வலையில் கிடக்கும்போதுதான் சாவகாசமாகப் பார்ப்பேன்: விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை, வால்வரை மிளகுப் புள்ளிகள், தொட்டிச் சுவரில் உரசித் தேய்ந்த மொட்டைத் துடுப்பு.

வீட்டில் ஆய்வுக் குழுத் தலைவி நாகப்பட்டினத்துக்காரி. செவுளைப் புரட்டிப் பார்த்து, “ஃபிரெஷ்தான்” என்றாள். வெட்டியதும் முகர்ந்து, “சேத்து வாடை. புளி கூட ஊத்தணும்” என்றாள். சதை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். தீவனத்தில் அஸ்டாசாந்தின் என்ற நிறமி கலக்கிறார்கள் என்றேன். தீவனம் என்றதும் பண்ணை வந்தது, பண்ணை வந்ததும் லாரி வந்தது. டிக்கெட் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அரிவாள்மனையில் கை சற்று நின்றது.

“ஏங்க, அந்த லாரி நம்ம தெரு வழியா வராதா?”